பஸ்கி அண்ணன் கழித்துவிட்ட உடம்புகள்

பேராக் மாநிலத்திலேயே தன் கெண்டைக்காலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வேலைக்குப் போன ஒரே மனிதர் எங்கள் பஸ்கி அண்ணன்தான். இதை நான் எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அதற்குப் பிறகு எத்தனையோ பக்திமான்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சாமி மேல் இருந்த பக்தி, அண்ணனுக்குத் தன் புஜத்தின் மேல் இருந்த பக்திக்கு உறை போடக் காணாது.

பெற்றவர்கள் வைத்த பெயர் தோட்டத்துப் பேரேட்டில் எங்கோ இருந்திருக்கும். கோப்பெங் தாண்டி உள்ளே இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தின் தமிழ்ப் பள்ளிக்கு நான் வாத்தியாராகப் போனபோது, அந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. தினம் ஐந்நூறு தடவை உட்கார்ந்து எழுந்து பஸ்கி எடுப்பார், அதனால் பஸ்கி. தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பாலைத் தகடாக உருட்டும் இயந்திரத்தில் கைப்பிடி சுற்றுவது அவர் வேலை. காலையில் வலது கையால் சுற்றுவார், மத்தியானம் இடது கையால். எந்தக் கையும் இன்னொரு கையைப் பார்த்துப் பொறாமைப்படக் கூடாதாம். தேய்ந்துபோன இரும்பு உருளைகளைத் தூக்கிப் பழகக் கெஞ்சி வாங்கி வந்து, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் கோயில் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் ஈப்போவில் நடந்த கட்டழகர் போட்டியில் அவர்தான் முதல். அங்கே வாங்கிய கோப்பையை யாரும் அலமாரியில் வைத்துப் பார்த்ததில்லை. தினம் காலையில் அதில்தான் ஆறு பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக் குடிப்பார்.

அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. அதிலும் உடம்பு விஷயத்தில் தாட்சண்யமே கிடையாது. ஆளைப் பார்த்ததும் முகத்தைப் பார்க்க மாட்டார், தோளைத்தான் பார்ப்பார். சித்தியவான் ஊருக்குத் தனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே பெண்ணின் அப்பா கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்திருக்கிறார்.

"மாமா, இந்தக் கையாலயா பொண்ணத் தாரை வாத்துக் குடுக்கப் போறீங்க? செம்புத் தண்ணியத் தூக்கவே தாஹான் பண்ணாதுலா, தாங்காது."

வடை வருவதற்குள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்த முதல் நாள் என் கையையும் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் எதையோ தேடினார். பிறகு பெருமூச்சு விட்டு, "வாத்தியாரே, எலும்பு இருக்கு. பாக்கியெல்லாம் எங்க?" என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை காரில் ஏறிப் போய்விட்டார். அரிசி அவருக்குப் பின்னாலேயே போய்விட்டது. மிஞ்சியது மரவள்ளிக் கிழங்கு. அவித்த கிழங்கு, சுட்ட கிழங்கு, கிழங்கு மாவில் செய்த தோசை மாதிரி ஒன்று. உலகத்தில் யார் யாரோ நாட்டை இழந்தார்கள், மகுடத்தை இழந்தார்கள். பஸ்கி அண்ணன் முதல் மாதத்தில் புஜத்தில் கால் அங்குலம் இழந்தார். அன்று அவர் துக்கம் காத்ததை நான் நேரில் பார்த்தேன்.

வானொலிப் பெட்டிகளுக்கெல்லாம் ஜப்பான்காரன் முத்திரை வைத்துவிட்டதால், தோட்டத்தில் நம்பத்தகுந்த செய்தி என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தினம் சாயங்காலம் அண்ணன் தையல்கார நாடாவால் புஜத்தை அளப்பார். அடுத்த வீட்டு அஞ்சலை அக்கா அடுப்படியிலிருந்தே கேட்பாள்.

"அண்ணே, இன்னிக்கு எவ்வளவு?"

"பதினஞ்சே முக்கா."

"நேத்து?"

"அதேதான். தாக்குப்பிடிக்குது."

தாக்குப்பிடிக்கிறது என்ற செய்தி அஞ்சலை அக்கா வழியாக ஐந்து நிமிடத்தில் கடைசி லயம் வரை போய்விடும். ஏனோ எல்லோருக்கும் அன்றைக்குக் கிழங்கு கொஞ்சம் சுலபமாக இறங்கும். ஆனால் அண்ணன் புஜம் சும்மா தாக்குப்பிடிக்கவில்லை. ஆற்றில் நத்தை பொறுக்கினார். கடைசியாக மிஞ்சிய இரண்டு கோழிகளைக் கட்டில் காலில் கட்டி வளர்த்தார். கோழிக்குத் தும்மல் வந்தால் இவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

இந்தச் சமயத்தில் என்னை ஈப்போவுக்கு அனுப்பி மூன்று மாதம் ஜப்பான் பாஷை படிக்க வைத்தார்கள். நான் கற்றுவந்தது பத்து வரை எண், இரண்டு பாட்டு, அறை வாங்காமல் குனிந்து வணங்கும் முறை. பிள்ளைகளுக்கு எண் சொல்லிக் கொடுத்தபோது பஸ்கி அண்ணன் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். மறுநாள் கொய்யா மரத்தடியில், "இச்சி, நி, சான், ஷி" என்று பஸ்கி போய்க்கொண்டிருந்தது. பத்துக்கு மேல் தெரியாததால் பத்துப் பத்தாக ஐம்பது முறை.

அந்த நேரம் பார்த்து, தோட்டத்துக்குப் பொறுப்பாக வந்திருந்த ஜப்பானிய அதிகாரி சைக்கிளில் வந்தார். வட்டக் கண்ணாடி போட்டிருப்பார் என்பதால் அவருக்குக் கண்ணாடித் துரை என்று பெயர். சைக்கிளை நிறுத்திவிட்டு, வாயைத் திறந்தபடி ஐந்நூறையும் பார்த்தார். கைதட்டினார். அன்றே உத்தரவு வந்துவிட்டது. காலையில் வேலைக்கு முன்னால் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் செய்ய வேண்டிய ஜப்பானிய உடற்பயிற்சிக்கு இனி பஸ்கி அண்ணன்தான் தலைவர்.

நாங்கள் பட்ட பாட்டை எழுத இந்தப் பக்கம் போதாது. மற்ற தோட்டங்களில் அந்தப் பயிற்சி கையை ஆட்டி, காலை ஆட்டி, சில நிமிடத்தில் முடிந்துவிடும். எங்கள் தோட்டத்தில் சூரியன் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

"முழங்கால மடக்காத. மாரி, உன்னத்தான் சொல்றேன். இது என்ன, மழைக்கு ஒதுங்கி நிக்கிற மாதிரி நிக்கிற?"

மாரி அஞ்சலை அக்காவின் புருஷன். தோட்டத்திலேயே நல்ல பால்வெட்டுக்காரன், ஆள் திடகாத்திரமானவன். அவனுக்கே இந்தக் கதி.

"ஜப்பான்காரனே தேவலலா," என்றாள் அஞ்சலை அக்கா. "கன்னத்துல ஒண்ணு வச்சிட்டுப் போயிடுறான். இவரு தினம் தவணை முறையில கொல்றாரு."

ஒரு நாள் கண்ணாடித் துரை என்னையும் பஸ்கி அண்ணனையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். சயாமில் ரயில் பாதை போடுவதற்கு முப்பது ஆட்கள் வேண்டும். அவர் பொறுப்பிலேயே இருந்த பக்கத்துத் தோட்டத்திலிருந்து முன்னமே ஒரு கூட்டம் போயிருந்தது. மூன்று மாதத்தில் வந்துவிடுவார்கள் என்று சொன்னார்கள், அரை வருஷமாகியும் ஒரு கடுதாசி இல்லை. போன தடவை அனுப்பியவர்களில் பலர் போய் இறங்கியதுமே சுருண்டு விழுந்துவிட்டதால் துரைக்கு மேலிடத்தில் நல்ல டோஸ். அதனால் இந்தத் தடவை உண்மையான பலசாலிகள் வேண்டும். உடம்பைப் பற்றித் தெரிந்தவன் நீதான், நாளைக் காலையில் நீயே பொறுக்கிக் கொடு என்றார்.

என் அரைகுறை ஜப்பான் பாஷையிலும் அவருடைய அரைகுறை மலாயிலும் இவ்வளவும் எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்னண்ணே செய்யப் போறீங்க?"

"அளந்து பாத்துச் சொல்லணும்," என்றார். அவ்வளவுதான். தோட்டத்தில் அன்று ஒரு வீட்டிலும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. எல்லோருக்கும் பஸ்கி அண்ணனைத் தெரியும். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது என்பதுதான் எங்கள் பயமே.

காலையில் ஆண்கள் எல்லோரும் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றோம். பெண்கள் களத்தோரம் நின்றார்கள். அஞ்சலை அக்கா முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். அண்ணன் நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் ஆளிடம் போனார். மார்பை அளந்தார், தோளைத் தட்டினார், பின்னால் போய் நின்று பார்த்தார்.

"டாமே," என்றார். உதவாது என்பதற்கு ஜப்பான் பாஷையில் அந்தச் சொல்தான். நான் பிள்ளைகளைத் திட்டுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆள். "மார்க்கூடு கோழிக்கூடு மாதிரி இருக்கு. டாமே." அடுத்தவன். "கழுத்தே இல்ல. தல நேரா தோள்ல உக்காந்திருக்கு. டாமே." துரை என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். கழுத்துக்கு என்ன சொல் என்று தெரியாததால் என் கழுத்தைத் தொட்டுக் காட்டி இல்லை என்றேன்.

மாரியிடம் வந்தார். இரண்டு முறை சுற்றி வந்தார்.

"முதுகு இருக்கு," என்றார். நிறுத்தினார். "கால் முதுகோட பேசவே மாட்டேங்குது. இது ரெண்டு ஆளோட உடம்ப ஒட்டுப்போட்டது. டாமே."

என் முறை வந்தது. நாடாவை நீட்டக்கூட இல்லை. "வாத்தியார அளக்கிறதுக்கு நாடா வீண். டாமேன்னு சொன்னாக்கூட அந்தச் சொல்லுக்கு அவமானம்." இதை நானே, என்னைப் பற்றியே, துரைக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் மொழிபெயர்த்ததில்லை.

வரிசை முடிந்தது. ஒருவரும் தேறவில்லை. துரை முகம் சிவந்து, அண்ணனைக் கன்னத்தில் அறைந்தார். அறைந்த வேகத்தில் கீழே விழுந்தது துரையின் கண்ணாடிதான். அண்ணன் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"துரைகிட்ட சொல்லு வாத்தியாரே. ஒண்ணர வருஷமா கிழங்கு தின்ன உடம்புலா. தண்டவாளத்தத் தூக்கச் சொன்னா, தண்டவாளந்தான் இவனுங்களத் தூக்கணும். அனுப்பினா போன தடவ மாதிரியே விழுவானுங்க. துரைக்குத்தான் கெட்ட பேரு."

சொன்னேன். கெட்ட பேர் என்றதும் துரை யோசித்தார். பிறகு மலாயில், "சியாப்பா குவாட்?" என்று கத்தினார். அப்படியானால் யார்தான் இங்கே பலசாலி என்று அர்த்தம்.

பஸ்கி அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். சட்டையை மடித்து என் கையில் கொடுத்தார். இரண்டு கையையும் மடக்கி, மூச்சை இழுத்து, ஈப்போ மேடையில் நின்ற மாதிரி நின்றார்.

"நான்," என்றார்.

அண்ணனை லாரியில் ஏறச் சொன்னார் துரை. வெறுங்கையோடு போக முடியாததால், தானே விரலை நீட்டி இன்னும் ஏழு பேரைப் பொறுக்கினார். முப்பது, எட்டாயிற்று. மாரி இல்லை. நான் இல்லை. அந்த ஏழு வீடுகளில் எழுந்த அழுகையின் நடுவே எங்களுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த வெட்கம் எனக்கு இன்றும் உண்டு.

லாரிக்குப் பக்கத்தில் ஓடிப்போய்க் கேட்டேன். "நீங்க ஏண்ணே? உங்களயும் டாமேன்னு சொல்லியிருக்கலாமே?"

அவர் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "என்னயா? வாத்தியாரே, நாக்கு அழுகிப் போயிடும்லா."

அது தியாகமா, கர்வமா என்று நான் எவ்வளவோ நாள் யோசித்திருக்கிறேன். இப்போது யோசிப்பதை விட்டுவிட்டேன்.

எட்டுப் பேரில் மூன்று பேர் திரும்பினார்கள். ஜப்பான்காரன் தோற்றுப் போய்ச் சில மாதங்கள் கழித்து, ஒரு மத்தியானம், ஒரு எலும்புக்கூடு கோணியைச் சுற்றிக்கொண்டு லயத்து வாசலில் வந்து நின்றது. இடது காலில் புண் ஆறிய பள்ளம். யாரோ பிச்சைக்காரன் என்று அஞ்சலை அக்கா ஒரு தட்டில் கிழங்கு கொண்டுவந்து வைத்தாள்.

அந்த உருவம் தட்டைப் பார்த்தது. "முட்டை இல்லயாலா?" என்றது.

அஞ்சலை அக்கா வைத்த தட்டை எடுக்கவே இல்லை. அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

சயாமைப் பற்றி அண்ணன் வாய் திறக்கவில்லை. கூடத் திரும்பிய இருவரில் ஒருவன்தான் சொன்னான். பேதி கண்டு நடக்க முடியாமல் கிடந்தவர்களை முதுகில் சுமந்து, இரண்டு மைல் சேற்றில் வைத்தியக் கொட்டகைக்குக் கொண்டுபோவாராம். அவனையே இரண்டு முறை தூக்கிப் போயிருக்கிறார். நான் அண்ணனிடம் கேட்டேன்.

"அங்க இரும்பு கெடைக்கலலா," என்றார். "ஆளுங்கதான் கெடைச்சாங்க. பழக்கம் விட்டுடக் கூடாதுல்ல."

அதன் பிறகு தோட்டத்தில் யார் வீட்டுக் கோழி முட்டையிட்டாலும் முதல் முட்டை அவர் வீட்டுக்குப் போனது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தானாகப் போனது. இரண்டு வருஷத்தில் உடம்பு ஒரு மாதிரி தேறியது. ஈப்போவில் மறுபடியும் போட்டி வைத்தபோது, பெயர் கொடுத்தார். எங்கள் தோட்டமே லாரியில் ஏறிப் போனது.

மேடையில் ஏழு பேர். பஸ்கி அண்ணன் எண்ணெய் பூசி வந்து நின்றதும் நாங்கள் போட்ட கூச்சலில், உண்மையில் ஜெயித்த சீனப் பையனே தான் தோற்றுவிட்டதாக நினைத்து மேடையை விட்டு இறங்கப் போனான். அண்ணனுக்கு ஏழாவது இடம். அஞ்சலை அக்கா நடுவர்களிடம் சண்டைக்குக் கிளம்பினாள். அண்ணன் தடுத்தார்.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க. எடது காலப் பாரு. நான் நடுவரா இருந்தா மேடையிலயே ஏத்தியிருக்க மாட்டேன்."

திரும்பி வரும்போது லாரியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். வெயில் இன்னும் இருந்தது. தலை பக்கத்திலிருந்த மாரியின் தோளில் சாய்ந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் சொல்லாமலே டிரைவர் குழி பார்த்து மெல்ல ஓட்டினான். கோப்பெங் வந்தபோது மாரியின் கை மரத்துப் போய்விட்டது. தோட்டம் வரும்வரை அவன் அதை அசைக்கவில்லை.