நெவில் ஊதிய எண்கள்

“ஒன்பது,” என்றாள் பாலெட்.

நெவில் தான் ஊதிய மூச்சுக் கருவியை அவள் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தலைகீழாகத் திருப்பினார்.

“இப்படிப் பிடிச்சா ஆறு.”

“அப்படிப் பிடிக்கக் கூடாது கண்ணு. போன வாரம் நாலுதான் இருந்துச்சு. ஆறுக்குக் கீழ இருந்தாத்தான் ‘புகை பிடிக்காதவர்’னு நான் அட்டையில எழுத முடியும்.”

“நான் பிடிக்கல.”

“ம்.”

“பதினஞ்சு நாளா ஒண்ணுகூடப் பிடிக்கல. நீ குடுத்த மின்சாரச் சிகரெட்டு, அந்த வேப்பைத்தான் பச்சைக்குழந்தை மாதிரி சப்பிக்கிட்டுத் திரியறேன்.”

“வேப்புல எதுவும் எரியறதில்லையே. அது இதுல காட்டாது. எரிஞ்ச புகையில ஒரு வாயு இருக்கு, அது உள்ள போனாத்தான் எண் ஏறும்.” பாலெட் சிவப்புப் பேனாவை எடுத்தாள். “ஒரே ஒண்ணு பிடிச்சிருந்தாலும் சொல்லுங்க. நான் திட்டமாட்டேன்.”

“நீ திட்டமாட்டே. என் பெண்டாட்டி?”

க்ரிம்ஸ்பி ஊர் நூலகத்தின் மாடியில், சிகரெட்டை விட நினைக்கிறவர்களுக்காக வியாழக்கிழமைதோறும் பாலெட் மேஜை போட்டு உட்காருவாள். ஊதச் சொல்வாள், எண்ணை எழுதுவாள், வேப்பில் ஊற்ற ஒரு புட்டி சாறு கொடுத்தனுப்புவாள். முதல் நாள் நெவில் ஊதியது பத்தொன்பது. அன்றைக்குத்தான் கடைசிப் பாக்கெட்டைக் கசக்கி அவள் குப்பைக் கூடையிலேயே போட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு சத்தியமாக ஒன்றைக்கூடத் தொடவில்லை.

சுலபமாக ஒன்றும் இல்லை. நாற்பத்து நான்கு வருடம் சிகரெட் பிடித்த கைக்கு அந்தக் குழாய் ஒத்துவரவில்லை. வேகமாக இழுத்தால் சாறு நாக்குக்கு வந்தது, மெதுவாக இழுத்தால் ஒன்றுமே வரவில்லை. சட்டைப் பையில் வைத்தால் ஒழுகியது. அவர் மீன் குளிர்கிடங்கில் பளுதூக்கி வண்டி ஓட்டுகிறவர். அந்தக் குளிரில் சாறு தேனாக உறைந்தது. எல்லாவற்றையும்விட, சிகரெட் என்றால் முடியும். காலில் போட்டு மிதித்துவிட்டு வேலைக்குத் திரும்பலாம். இது முடிவதே இல்லை. போதும் என்று யார் சொல்வது? ஆனாலும் நெவில் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத்தான் கடித்தார்.

வீட்டுக் கதவைத் திறந்ததுமே மனைவி ஜேனிஸ் கையை நீட்டினார்.

“அட்டை.”

“முதல்ல கோட்டைக் கழட்டறேனே.”

“அட்டையைக் குடுத்துட்டுக் கழட்டு.” வாங்கிப் பார்த்தார். “ஒன்பது.”

“கிடங்குல சிகரெட் கொட்டகையில நிக்கறதால இருக்கும். பேரி பக்கத்துல நின்னு ஊதறான்ல.”

“நெவில், நீ இதுவரைக்கும் பதினோரு தடவை விட்டிருக்க. பதினோரு தடவையும் நான் கண்டுபிடிச்சேன். கழிவறைத் தண்ணித் தொட்டிக்குள்ள பிளாஸ்டிக் பையில. கிறிஸ்துமஸ் மரப் பெட்டியில. உங்கம்மா சவ ஊர்திக்குப் பின்னாடி.”

“அது துக்கத்துல.”

“பிடிக்கறது உன் நெஞ்சு, உன் பாடு. பொய்தான் எனக்கு ஆகாது. இந்தப் பன்னெண்டாவது தடவையும் பொய்யின்னா, நான் ஸ்கார்பரோவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“திரைச்சீலையையும் கழட்டி எடுத்துக்கிட்டுப் போறேன். நீயே கணக்குப் போட்டுக்கோ.”

அந்தத் திரைச்சீலைகளை ஜேனிஸ் தன் கையாலேயே தைத்திருந்தார். அவை போனால் அவர் திரும்பி வரப்போவதில்லை.

மறுநாள் மதியம் கிடங்கின் சிகரெட் கொட்டகைக்குப் போய், உள்ளே நுழையாமல், பத்தடி தள்ளி நின்றார்.

“யாரோ கேக் சுடறாங்கன்னு பார்த்தேன்,” என்றான் கூட வண்டி ஓட்டும் பேரி. “நீதானா? இந்த வாரம் என்ன மணம்?”

“கஸ்டர்ட். பேரி, நான் இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்.”

“என்னடா சொல்ற? இருபது வருஷமா இங்கதானே பேசறோம்.”

“பேசணும்னா போன் பண்ணு.”

“முப்பதடி தூரத்துல வண்டி ஓட்டறவனுக்குப் போனா?”

“கொஞ்ச நாளைக்குத்தான். ஆறுக்குக் கீழ வர்ற வரைக்கும்.”

மதுக்கடைக்குப் போவதையும் நிறுத்தினார். அங்கே வாசலில் எப்போதும் நாலு பேர் ஊதிக்கொண்டு நிற்பார்கள். வேலை முடிந்தால் நேரே வீடு, வீட்டில் சமையலறை. அக்டோபர் குளிர் வந்துவிட்டது, கடல் காற்று ஜன்னலை உலுக்கியது. வீட்டைச் சூடாக்கும் சுவர் பாய்லரைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, அதன் அடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வேப்பும் கையுமாக உட்கார்ந்தார். எதிரே பின்னல் ஊசியோடு ஜேனிஸ், காவலுக்கு.

வியாழக்கிழமை பாலெட் எண்ணைப் படிப்பதற்கு முன் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தாள்.

“பதினாலு.”

“யாருக்கு?”

“நெவில்...”

“எனக்குத் தலை வேற இடிக்குது.”

“விடறப்போ தலைவலி வரும். அது சகஜம். ஆனா எண் இறங்கணுமே கண்ணு.”

ஜேனிஸ் அன்றைக்குக் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அட்டையைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“உன் கஸ்டர்டு ஆவியால எனக்கும் ரெண்டு நாளா மண்டையிடி. பூனையே பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிடுச்சு. நான் கடைக்குப் போறப்போ ஜன்னல் வழியா தலையை நீட்டிப் பிடிக்கறியா?”

“நீ வேணா ஜன்னலை ஒட்டிடு. நானே டேப் எடுத்துத் தர்றேன்.”

சொன்னதோடு நிற்காமல் நெவிலே ஏணி வைத்து ஏறி, சமையலறை ஜன்னலின் நாலு பக்கமும் அகலமான டேப்பை ஒட்டினார். ஒரு கொசு நுழைய இடமில்லை. ஜேனிஸ் கீழே நின்று மேற்பார்வை பார்த்தவர், பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டையைக் கவனித்தார்.

“அந்த மூடியைக் கழட்டு.”

“எதுக்கு?”

“கழட்டு.”

கழற்றினார். ஜேனிஸ் உள்ளே கைவிட்டு, தூசி படிந்த ஒரு சிகரெட் பாக்கெட்டை வெளியே எடுத்தார்.

“இது?”

நெவிலுக்கே ஆச்சரியம். “அது பழசு. ஏழாவது தடவை விட்டப்போ வச்சது.”

“எனக்குத் தெரியவே தெரியாதே.”

“நானும் மறந்துட்டேன் ஜேன். பாரு, எவ்வளவு சுத்தமா விட்டிருக்கேன்னு.”

ஜேனிஸ் குளியல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து சுருட்டி, அந்த ஓட்டைக்குள் குச்சியால் குத்திக் குத்தி அடைத்தார். “இனிமே இதுக்குள்ள ஒரு தீக்குச்சிகூடப் போகாது.”

“நல்லா அடை,” என்றார் நெவில். “எனக்கு ஒண்ணும் பயமில்ல.”

அடுத்த வியாழக்கிழமை, இருபத்தொன்று.

“நான் பிடிச்சிக்கிட்டிருந்தப்போகூட பத்தொன்பதுதானே?” என்று கேட்டார் நெவில்.

“ஆமா.”

“அப்ப விட்டதுல ஏறியிருக்கா?”

பாலெட் சிவப்புப் பேனாவை எடுத்தாள். அன்று அவள் பேனாவின் மூடியை மெதுவாகக் கழற்றிய விதத்தில், இந்த ஆளுக்கு இனிமேல் என்ன சொல்லிப் பயன் என்பது தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க நெவில் யோசித்தார். வண்டி ஓட்டும்போது யோசித்தார், பாய்லருக்கு அடியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை. ஜேனிஸுக்கு ஆகாதது பொய், சிகரெட் இல்லை. அப்படியென்றால் பிடித்தேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டால்? திட்டுவார், மன்னிப்பார், திரைச்சீலை இருந்த இடத்தில் இருக்கும். பதின்மூன்றாவது தடவையாக நிம்மதியாக விட்டுக்கொள்ளலாம்.

புதன்கிழமை சாயங்காலம் தொண்டையைக் கனைத்தார்.

“ஜேன், பிடிச்சேன்.”

ஜேனிஸ் பின்னல் ஊசியைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. கிட்டத்தட்டச் சந்தோஷம்.

“எத்தனை?”

“இருபது.”

“நாப்பது வருஷத்துல நீயா வாயைத் திறந்து சொன்னது இதுதான் முதல் தடவை.” அவர் கண் கலங்கிவிட்டது. “டீ போடட்டுமா?”

“போடேன்.”

கெட்டிலை வைத்துவிட்டுத் திரும்பினார். “எங்க வச்சுப் பிடிச்ச?”

“கொட்டகையில.”

“யார் குடுத்தா?”

“பேரிதான்.”

“அவன் புகையிலைத் தூள் வாங்கித் தானே தாள்ல சுத்திப் பிடிக்கறவனாச்சே.”

“சுத்திக் குடுத்தான்.”

“இருபதும்?”

“கை வேகம் அவனுக்கு.”

“விடறேன்னு பாடுபடற மனுஷனுக்கு உட்கார்ந்து சுத்திக் குடுத்தானா? இருக்கட்டும், நாலு வார்த்தை கேட்கறேன்.” நெவில் எழுந்திருப்பதற்குள் போனை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார்.

“பேரி, உனக்கு மனசாட்சி இருக்கா?”

“ஏன் ஜேனிஸ், நான் என்ன செஞ்சேன்?”

“நெவிலுக்கு நீ சிகரெட் குடுத்தியா இல்லையா?”

“நெவிலுக்கா? மூணு வாரமா அவன் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலையே. எனக்கு ஏதோ தொத்து வியாதி மாதிரி தூரத்துலேர்ந்து கை காட்டுவான். ஏன், அவன் நல்லாத்தானே இருக்கான்?”

ஜேனிஸ் போனை வைத்தார். கெட்டில் கொதித்து அடங்கியது. யாரும் டீ போடவில்லை.

“நீ பிடிக்கல.”

“இல்ல.”

“அப்ப பிடிச்சேன்னு சொன்னது?”

“பொய்.”

“நெவில், பிடிச்சுட்டு இல்லன்னு பொய் சொல்ற ஆளோட நாப்பது வருஷம் குடும்பம் நடத்திட்டேன். பிடிக்காம பிடிச்சேன்னு பொய் சொல்ற ஆளு யாருன்னே எனக்குத் தெரியல.”

“நீ சந்தோஷப்படுவேன்னு பார்த்தேன்.”

“பட்டேனே. அதுதான் வயித்தெரிச்சல்.” ஏணியை இழுத்து வரவேற்பறை ஜன்னலுக்கு அடியில் போட்டார்.

நெவில் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார். “ஜேன், ஒரே ஒரு நாள். நாளைக்கு வியாழக்கிழமை. நீயும் கூட வா. உன் கண்ணு முன்னாடி ஊதறேன். ஆறுக்கு மேல போச்சுன்னா, நானே உன் பெட்டியைத் தூக்கிட்டு வந்து ரயில் ஏத்தி விடறேன்.”

ஜேனிஸ் மேலே இருந்து யோசித்தார். “பெட்டியையும் எடுத்துக்கிட்டே வர்றேன். திரும்பி வர்ற அலைச்சல் மிச்சம்.”

ஆக, வியாழக்கிழமை நூலக மாடிக்கு மூன்று பேர் மாதிரி வந்தார்கள்: நெவில், ஜேனிஸ், திரைச்சீலை பிதுங்கும் ஒரு பழுப்புப் பெட்டி. அங்கே எப்போதும் டீ கொடுக்கும் நூலகத்து ஐலீன், பெட்டியைப் பார்த்துவிட்டு மூன்று கோப்பை எடுத்துவைத்தார்.

நெவில் மூச்சைப் பிடித்தார். பதினைந்து எண்ணினார். கண்ணை மூடி, நாற்பத்து நான்கு வருடத்தையும் சேர்த்து ஊதினார்.

“இருபத்து நாலு,” என்றாள் பாலெட், மேஜையைப் பார்த்து.

ஜேனிஸ் பெட்டியின் கைப்பிடியைப் பற்றினார்.

“கருவி கெட்டுப்போச்சு,” என்றார் நெவில். “கெட்டுத்தான் போயிருக்கணும்.”

பாலெட் புதுக் குழாயைச் செருகித் தானே ஊதிக் காட்டினாள். ஒன்று.

“கருவி சரியாத்தான் இருக்கு கண்ணு.”

“இங்க குடு அதை,” என்றார் ஜேனிஸ். “போறதுக்கு முன்னாடி இந்த மனுஷனுக்கு ஒண்ணு காட்டிட்டுப் போறேன். சுத்தமான நெஞ்சு எப்படி இருக்கும்னு பார்க்கட்டும். பிறந்ததுலேர்ந்து என் உதட்டுல சிகரெட் பட்டதில்ல.”

“தெரியும்,” என்றார் நெவில் சோர்வாக.

ஜேனிஸ் ஊதினார். நீளமாக, நேர்மையாக.

பாலெட் கருவியைப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். இன்னொரு குழாயைச் செருகி மறுபடி ஊதச் சொன்னாள்.

“இருபத்தேழு.”

நெவில் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து வாரமாக அவர் முகத்தில் இல்லாத ஏதோ ஒன்று, மெல்ல மெல்ல வந்து உட்கார்ந்தது.

“எத்தனை வருஷமா ஜேன்?” என்று இதமாகக் கேட்டார்.

“என்ன எத்தனை வருஷமா?”

“பரவாயில்ல, சொல்லு. நான் ஸ்கார்பரோவுக்கெல்லாம் போகமாட்டேன்.”

“நெவில், எங்கம்மா மேல சத்தியமா நான்—”

“நானும் அப்படித்தான் ஆரம்பிப்பேன்.”

ஜேனிஸ் கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்துபோய் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

டீத் தட்டோடு வந்த ஐலீன் நடுவில் நின்றார்.

“ரெண்டு பேருக்கும் தலைவலி இருக்கா?”

“ரெண்டு வாரத்துக்கு மேல,” என்றார் ஜேனிஸ். “இவர் ஆவியால.”

“வெளியே வந்தா சரியாயிடுதா?”

இருவரும் யோசித்தார்கள். “ஆமா,” என்றார் நெவில், கொஞ்சம் ஆச்சரியத்தோடு.

“வீட்டுல குளிருக்கு என்ன எரிக்கறீங்க?”

“கேஸ் பாய்லர். சமையலறையில. நான் அதுக்கு அடியிலதான் உட்காருவேன்.”

“காத்து வர வழி?”

“ஜன்னலை ஒட்டிட்டோம். ஓட்டையை அடைச்சுட்டோம்,” என்றார் ஜேனிஸ். “இவரு ஏமாத்திடக் கூடாதுன்னு.”

பாலெட்டின் கையிலிருந்து சிவப்புப் பேனா கீழே விழுந்தது. ஐலீன் தட்டை மேஜையில் வைத்துவிட்டு போனை எடுத்து, கேஸ் கம்பெனியின் அவசர எண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

“ஆளு வந்து பார்க்கற வரைக்கும் ரெண்டு பேரும் அந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்காதீங்க. காத்தில்லாம எரியற பாய்லரும் சிகரெட்டுப் புகையில இருக்கற அதே வாயுவைத்தான் கக்கும். நீங்க விட்டுட்டீங்க கண்ணு, உங்க பாய்லர்தான் இன்னும் விடல.”