உப்பில் செய்த பனிக்காலம்

பயிற்சிப் பட்டறைக்குப் போய்வந்த ஆசிரியரைவிட ஆபத்தான பிராணி ஒரு பாடசாலையில் இருக்க முடியாது. பட்டறைக்குப் போகாதவருக்குத் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதாவது தெரியும். போனவர் கழுத்தில் அட்டையும் கையில் பையுமாக, எல்லாம் தெரிந்தவராகத் திரும்பி வருவார். நான் அப்படித்தான் கொழும்பிலிருந்து வந்து இறங்கினேன். (பை இன்னும் இருக்கிறது. உம்மா அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்.)

பட்டறையின் தலைப்பு 'அனைவரையும் உள்ளடக்கும் பாடசாலை விழாக்கள்'. நான் படிப்பித்தது புத்தளம் பக்கம், நுரைச்சோலைக்கும் எத்தாளைக்கும் இடையில், ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் ஒரு சின்னப் பாடசாலையில். பாதிக்கு மேல் எங்கள் முஸ்லிம் பிள்ளைகள். மற்றவர்கள் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளும் சில இந்துப் பிள்ளைகளும். ஒவ்வொரு வருடமும் மூன்றாம் தவணை முடியுமுன், கிறிஸ்மஸை ஒட்டி ஒளிவிழா நடக்கும். பாலன் குடில் கட்டுவார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நீல முக்காட்டோடு மாதாவாக உட்காருவாள். ஆட்டிடையர்கள் பெரும்பாலும் எங்கள் பையன்கள்தான். வாப்பாவின் சாரத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்து நிற்பார்கள். யாரும் ஒருநாளும் முறைப்பாடு செய்ததில்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தேகத்தைக் கொடுத்தது.

"சேர், இது ஒரு சமயத்துக்குரிய விழா. இதுல எல்லாரும் உள்ளடங்கல்ல" என்றேன் அதிபரிடம்.

"எல்லாரும் உள்ளுக்குத்தானே டீச்சர் இரிக்காங்க?" என்றார் அவர்.

பட்டறையில் தந்த தாள்களைக் காட்டினேன். அரச முத்திரை உள்ள தாள் எதைக் கண்டாலும் அவருக்கு வியர்க்கும். "சரி, நீங்களே செய்ங்க. பிரச்சினை வந்தாலும் நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்றோடு ஒளிவிழா 'குளிர்காலக் கொண்டாட்டம்' ஆனது. (எங்கள் கரையில் டிசம்பரில் மழை பெய்யும், புழுங்கும், நுளம்பு கடிக்கும். குளிரில் இருப்பது ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும் மீன் மட்டும்.) குடிலை நீக்கினேன். குத்துவிளக்கை நீக்கினேன். நட்சத்திரம் தனியே நின்றால் ஒரு கதை, பிறைக்குப் பக்கத்தில் நின்றால் இன்னொரு கதை என்று அதையும் நீக்கினேன். பச்சை, நீலம், சிவப்பு எல்லாவற்றையும் கட்சிக்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியது வெள்ளை. பனிக்கு மதம் இல்லை, மொழி இல்லை, தேர்தல் சின்னமும் இல்லை. ஆகவே எல்லாப் பிள்ளைகளும் பனிப்பூ என்று முடிவு செய்து, குடில் சாமான்களை அலுமாரியில் பூட்டினேன்.

பெற்றோர் கூட்டத்தில் அக்னஸ் அக்கா எழும்பினார். அவருடைய புருஷன் கடலுக்குப் போகிறவர். மகள் மரியா ஐந்தாம் வகுப்பு.

"டீச்சர், என்ட மகள் மூணு வருசமா ஆட்டுக்குட்டியா நிண்டவ. இந்த முறை மாதா எண்டு போன வருசமே சொன்னாங்க. முக்காடும் தைச்சிட்டன்."

"இந்த வருசம் அவ பனிப்பூ, அக்கா."

"பனிப்பூவுக்கு என்ன வேல?"

"மெதுவா விழணும்."

அக்னஸ் அக்கா உட்கார்ந்தார். அடுத்த வருடம் மரியாவுக்கு இந்தப் பாடசாலையே இல்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை. பின்வரிசையில் இருந்த றிஸானா, "அப்ப என்ட மகன் அப்கர்ர ராசா வேசம்? கிரீடமும் செஞ்சாச்சே" என்றார். அவனும் பனிப்பூ என்றேன். கைக்குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "நல்ல உள்ளடக்கல்தான்" என்று முணுமுணுத்தார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பனிக்கு எங்கே போவது? பஞ்சை வைத்துப் பார்த்தேன். மழை ஈரத்தில் நனைந்த பூனை மாதிரி ஆகிவிட்டது. உப்பு விளையும் புத்தளத்துக்காரிக்கு அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? உப்பளத்தில் வேலை செய்யும், எனக்கு மூத்தவரான நானா லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் மூட்டை மூட்டையாக உப்பு கொண்டுவந்து இறக்கினார்.

"எதுக்கு இவ்வளவு? கருவாடு போடப் போறியா?"

"பனி, நானா."

அவர் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

விழா நாள் காலையில் வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு புறப்பட்டேன். "மாப்பிள்ள உசிரோடதானே இரிக்கார், ஏன் இந்தக் கோலம்?" என்று உம்மா கேட்டார். பாடசாலை வேலி நெடுகவும் வெள்ளைக் கொடி கட்டியிருந்தேன். சாவு வீட்டுக்கு மட்டும்தான் நாட்டில் அப்படிக் கட்டுவார்கள் என்பது, மீன் பெட்டியோடு சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "யாரு டீச்சர் மௌத்து?" என்று மெல்லக் கேட்டபோதுதான் உறைத்தது.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து பிரதம விருந்தினர் வந்து கதிரையில் அமர்ந்தார். சுவரில்லாத மண்டபத்தில், உப்புப் பரப்பின் நடுவே, பனிப்பூக்கள் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்கள். பாட்டு இல்லை, எந்தப் பாட்டைப் போட்டாலும் யாரோ ஒருவர் வெளியே நிற்பார் என்று நிறுத்தியிருந்தேன். பிள்ளைகள் மௌனமாக விழுந்தார்கள். எழும்பினார்கள். மறுபடி விழுந்தார்கள். மௌத்து வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பு இருக்கும்.

அப்போதுதான் முதலாவது கழுதை வந்தது.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். உப்பு வாசனை நன்றாகத் தெரியும். எங்கள் ஊர் ரோட்டில் மனிதரைவிட உரிமையோடு நடப்பவை அவைதான். இது எனக்குத் தெரியாததா? அந்தக் கழுதை மண்டபத்துக்குள் ஏறி, குனிந்து, குளிர்காலத்தை நக்கத் தொடங்கியது. பின்னால் குட்டியோடு இன்னொன்று. அதற்குப் பின்னால் யாருடையதோ ஒரு பசு. பிள்ளைகள் யாரும் பயப்படவில்லை. நான்தான் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மழையில் கசிந்த உப்பு காலை வாரிவிட்டது. பிரதம விருந்தினரின் காலடியில் மல்லாந்து விழுந்தேன். (பனிப்பூ மெதுவாக விழ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான்.) என் சேலை முந்தானையில் ஒட்டிய உப்பை ஒரு கழுதை நிதானமாக நக்கியது.

மரியா அந்தக் கழுதையைப் பார்த்தாள். பசுவைப் பார்த்தாள். பிறகு இரண்டுக்கும் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அக்னஸ் அக்கா கைப்பையிலிருந்து நீல முக்காட்டை எடுத்துவந்து மகளின் தலையில் போட்டார். அவர் அதை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கவேயில்லை.

"டீச்சர், அலுமாரிச் சாவியத் தாங்க. பாலன் பொம்மை வேணும்."

சாவி உப்புக்குள் எங்கோ விழுந்திருந்தது. நான் இரண்டு கையாலும் கிளறிக்கொண்டிருக்க, றிஸானா எழும்பி வந்து, தூங்கிக்கொண்டிருந்த தன் குழந்தையை மரியாவின் மடியில் கிடத்தினார். "எழுப்பிராத மகள், எழும்பினா ஊரக் கூட்டிருவா" என்றார். அப்கர் சட்டைக்குள்ளிருந்து நசுங்கிய கிரீடத்தை எடுத்து மாட்டினான். வழக்கமாக இடையர்களாக நிற்கும் பையன்கள் தலையில் சுற்றத் துவாய் தேடினார்கள். யாரோ ஒரு பிள்ளை வருடாவருடம் பாடும் ஒளிவிழாப் பாட்டைத் தொடங்க, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் அந்தப் பாட்டு தெரிந்திருந்தது. மரியா குழந்தையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. இந்த முகத்தையா நான் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன் என்று எனக்கு அழுகை வந்தது. உப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிரதம விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார். உயிருள்ள மிருகங்களோடு, எல்லாச் சமூகமும் பங்கெடுத்த இப்படியொரு குடிலைத் தன் வாழ்க்கையில் கண்டதில்லை என்றார். கழுதைகளைச் சரியான நேரத்துக்கு வரவழைத்த ஆசிரியையின் திட்டமிடலைப் பாராட்டினார். அதிபர் என்னைப் பார்த்தார். நான் தலையிலிருந்து உப்பைத் தட்டிக்கொண்டே, "ஓம் சேர்" என்றேன்.

இப்போது அந்தப் பட்டறையில் பயிற்சி கொடுக்கும் வளவாளர் நான்தான். கழுத்தில் அட்டையோடு போய், மற்ற ஆசிரியர்களை ஆபத்தான பிராணிகளாக்கி அனுப்புகிறேன். வீட்டில்தான் மதிப்பில்லை. கறியில் உப்புக் குறைந்தால் என் மாப்பிள்ளை, "கொஞ்சம் பனி போடுங்களேன்" என்பார். போன மாதம் தங்கச்சியின் நிக்காஹ்வுக்கு ஊர் முழுவதும் அழைப்புச் சொல்லிவிட்டு, ஒருவரையும் விடவில்லை என்ற திருப்தியோடு வந்து உட்கார்ந்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உம்மா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"கழுதைக்குச் சொல்லியாச்சா?"