சம்பந்தியைக் கண்டும் எழுந்து நிற்காத விவகாரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மகளின் மாமனார், பேனாவைத் தொடவே கூச்சப்பட்டுக்கொண்டு எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் தங்கள் மகளும் சௌக்கியம். மகன் வழக்கம்போல வேலை விஷயமாக வெளியூரில் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கோபமாகவும் இருப்பீர்கள் என்று தெரியும். சௌக்கியம் நீடிக்கட்டும், கோபம் இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் தணியட்டும் என்று வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை தாங்கள் எங்கள் வீடு தேடி வந்து, அழைப்பு மணியை அழுத்தி, கதவைத் தட்டி, யாரும் திறக்காததால் பக்கத்துச் சந்து வழியாக வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தீர்கள். உள்ளே நான் முழித்த கண்ணோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தங்களை நேருக்கு நேர் பார்த்தேன். இருந்தும் எழுந்து வரவில்லை, வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, கடைசியில் முகத்தையும் திருப்பிக்கொண்டேன். இதில் ஒன்றைக்கூட நான் மறுக்கப்போவதில்லை. அன்றிலிருந்து தங்களிடமிருந்து போன் இல்லை, நான் போட்டாலும் எடுப்பதில்லை. நியாயம்தான். ஆனால் தாங்கள் காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். விடை தப்பாக இருந்தாலும் வழிமுறையை ஒழுங்காக எழுதியிருந்தால் பாதி மார்க் போட்டவர் என்று தங்கள் மகள் சொல்லியிருக்கிறாள். அந்தப் பாதி மார்க்கை நம்பித்தான் வழிமுறையை எழுதுகிறேன்.

நான் லிஃப்ட் மாட்டும் கம்பெனியில் சூப்பர்வைசர் என்பது தாங்கள் அறிந்ததே. நான் மாட்டிய லிஃப்ட் எதுவும் இதுவரை நடுவில் நின்றதில்லை. நான்தான் நின்றுவிட்டேன். எங்கள் ஆபீஸுக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். வந்த வாரமே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "சார், உங்க அனுபவம் நம்ம கம்பெனிக்குப் பெரிய சொத்து" என்றார். சொத்து என்று சொல்ல ஆரம்பித்தால் அடுத்து விற்கத்தான் போகிறார்கள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. "ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சர்டிபிகேட் இருக்கறவங்கதான் இனிமே சைட்டைப் பார்க்க முடியும் சார். இல்லாதவங்களை ஸ்பேர் பார்ட்ஸ் கோடவுனுக்கு மாத்தறோம்" என்றார். எங்கள் கோடவுன் தரைக்குக் கீழே இருக்கிறது. லிஃப்ட் கம்பெனியின் கோடவுனுக்கு லிஃப்ட் கிடையாது, இறங்கித்தான் போகவேண்டும். இந்த வயதில் போய்ப் பல்லிக்கும் நட்டு போல்ட்டுக்கும் மேனேஜராக இருப்பதைவிடத் தேர்வு எழுதிவிடுவது மேல் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில்தான் தங்கள் மகள் வருகிறாள். அவள் அதே தேர்வைக் கல்யாணத்துக்கு முன்பே பாஸ் செய்தவள் என்பதால், "கவலைப்படாதீங்க மாமா, நான் சொல்லித்தரேன்" என்றாள். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். விஷயம் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது, முக்கியமாகத் தங்கள் காதுக்குப் போகவே கூடாது. ஃபெயிலாகிவிட்டால் ஒரு வாத்தியார் முகத்தில் எப்படி முழிப்பேன்? அவளும் என் மனைவியும் சத்தியம் செய்தார்கள். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியும் தொலைத்தார்கள், அதுதான் வினை.

மாமனார் மருமகளிடம் பாடம் படிப்பது என்பது வெளியில் இருந்து பார்க்க அழகான காட்சி. உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தெரியும். ஆபீஸ் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் என்னை உட்காரவைத்து, "ரெண்டு டெக்னீஷியன் சண்டை போட்டுக்கறாங்க. மேனேஜர் முதல்ல என்ன செய்யணும்?" என்பாள். "ரெண்டு பேரையும் சத்தம் போட்டு வேலையைப் பார்க்க அனுப்பணும்." "சத்தம் போடறதுன்னு ஒரு ஆப்ஷனே கிடையாது மாமா." சரி, அடுத்தது. "சாமான் அனுப்பறவர் லேட் பண்றார்." "போன் போட்டுக் கத்தணும்." "கத்தறதும் கிடையாது மாமா." "பின்ன எப்படிம்மா இவங்க வேலை வாங்கறாங்க?" "முதல்ல உட்கார்ந்து பேசணும், காரணம் என்னன்னு கேட்கணும், அப்புறம் ஆராயணும்." "அதுக்குள்ள ஜனங்க மாடிப்படி ஏறியே பழகிடுவாங்களேம்மா!" கோபிக்கமாட்டாள் தங்கள் மகள். பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவாள். அந்தப் பெருமூச்சைக் கேட்டுக் கேட்டு நான் இளைத்தே போனேன்.

மாதிரித் தேர்வு எழுதினால் எப்போதும் பாதிக்குக் கீழேதான். அனுபவமே இல்லாத ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட அந்த மார்க் வரும் என்று என் மனைவி சொன்னாள். சொன்னதோடு விடாமல் கண்ணை மூடிக்கொண்டு தொட்டும் காட்டினாள். என்னைவிட இரண்டு மார்க் கூட. கடைசியில் தங்கள் மகள்தான் வழி கண்டுபிடித்தாள். "மாமா, கேள்வியைப் படிச்சதும் உங்களுக்கு எது சரின்னு தோணுதோ, அதை முதல்ல அடிச்சுடுங்க. மிச்சத்துலதான் விடை இருக்கு." என்ன ஒரு மரியாதை பாருங்கள்! ஆனால் அன்றிலிருந்து மார்க் ஏற ஆரம்பித்துவிட்டது. எனக்குத் தோன்றுவதெல்லாம் தப்பு என்று என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு சர்வதேசத் தேர்வே அதை ஒத்துக்கொண்ட மாதிரி அவளுக்கு அன்று ஏக சந்தோஷம்.

இந்தப் படிப்பில் ஸ்டேக்ஹோல்டர் என்று ஒரு வார்த்தை எங்கே பார்த்தாலும் வந்து நிற்கும். என்னம்மா அர்த்தம் என்றேன். "ஒரு வேலையில சம்பந்தப்பட்டவங்க எல்லாருமே ஸ்டேக்ஹோல்டர்தான் மாமா." "சம்பந்தப்பட்டவங்கன்னா, சம்பந்தியுமா?" "எங்கப்பாவா? அவர்தான் முதல் ஸ்டேக்ஹோல்டர்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது.

போகப் போக எனக்கே என்மேல் பயம் வந்துவிட்டது. குளிக்கும்போதும் ஷூ மாட்டும்போதும் "முதலில் ஆராய வேண்டும், பிறகு பேச வேண்டும்" என்று வாய் தானாக முணுமுணுக்கும். சமையலறைக் குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, என் மனைவி "என்னங்க, சீக்கிரம் வாங்க" என்று அலறுகிறாள், நான் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு "பதறாதே, மூல காரணம் என்னன்னு முதல்ல பேசுவோம்" என்கிறேன். அவள் கையிலிருந்த பாத்திரத்திடமிருந்து என் மண்டை ஓட்டையில்லாமல் தப்பியதே பெரிய விஷயம். அவளே போய் மெயின் வால்வை மூடிவிட்டு பிளம்பரைக் கூப்பிட்டாள்.

தேர்வு நாள் வந்தது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம், கேமரா வழியாக எங்கோ உட்கார்ந்து ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். தாங்களும் தேர்வு அறையில் கண்காணிப்பாளராக நடை போட்டவர்தான், ஆனால் இந்த அளவு கெடுபிடி செய்திருக்கமாட்டீர்கள். அறையில் வேறு மனிதர் இருக்கக்கூடாது, சத்தம் கேட்கக்கூடாது, சுவரில் எழுத்து இருக்கக்கூடாது. காலண்டரைக் கழற்றினேன். கல்யாண போட்டோவைக் கழற்றினேன். ஜன்னல் திரையில் ஏ பி சி டி அச்சடித்திருந்தது, அதையும் கழற்றினேன். யாராவது மணி அடித்துத் தொலைத்தால் என்ன செய்வது என்று அழைப்பு மணியின் வயரை நானே, என் கையாலேயே, கழற்றி வைத்தேன். குக்கர் விசில் அடிக்கும் என்று மனைவியைக் குக்கரோடு மாடி வீட்டுக்கு அனுப்பினேன். போனை வெளியே வாஷிங் மெஷின் மேல் வைத்தேன். தங்கள் மகள் ஆபீஸ் கிளம்பும்போது, "மாமா, திரையைவிட்டுப் பார்வை நகரக்கூடாது, உதடு அசையக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது. மூணு தடவை தப்பு பண்ணினா தேர்வையே நிறுத்திடுவாங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஜன்னலை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

முதல் பகுதி ஒருவழியாக ஓடிக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தினால் ஜன்னலில் தாங்கள். கண்ணாடியில் மூக்கு பதிய, கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு பார்க்கிறீர்கள். சம்பந்தியைக் கண்டால் எழுந்து நின்று பழகிய உடம்பு, அது என்னைக் கேட்கவா செய்யும்? பாதி எழுந்துவிட்டேன். உடனே கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பெண் குரல்: "உங்கள் முகம் தெரியவில்லை. உட்காருங்கள். இது முதல் எச்சரிக்கை." தொப்பென்று விழுந்தேன். சரி, சிரிக்கவாவது சிரிப்போம் என்று ஒரு பக்கம் உதட்டை நகர்த்தினேன். "உதடு அசைகிறது. இரண்டாவது எச்சரிக்கை." சிரிப்பு அப்படியே பாதியில் உறைந்துவிட்டது, மடக்கவும் பயம், விரிக்கவும் பயம். தாங்கள் கண்ணாடியைத் தட்டுகிறீர்கள், கையை ஆட்டுகிறீர்கள், என்ன ஆச்சு என்று விரலை விரித்துக் கேட்கிறீர்கள். என்னிடம் மிச்சம் இருந்தது கண் மட்டும்தான். "சம்பந்தி, மன்னிச்சிடுங்க, உள்ள வாங்க, வராதீங்க" என்று எல்லாவற்றையும் கண்ணாலேயே சொல்லிப் பார்த்தேன். அதற்கும் எச்சரிக்கை வந்துவிடுமோ என்று பயந்து முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டேன். திரையில் அப்போது இருந்த கேள்வி, சத்தியமாகச் சொல்கிறேன், இதுதான்: "முக்கியமான ஸ்டேக்ஹோல்டர் ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நிற்கிறார். மேனேஜர் முதலில் என்ன செய்ய வேண்டும்?" எனக்கு என்ன தோன்றியது என்று எழுதமாட்டேன். அதை அடித்துவிட்டு, "வேலையை நிறுத்திவிட்டு அவரை உடனே வரவேற்று, பொறுமையாகப் பேச வேண்டும்" என்பதை அழுத்தினேன். மறுபடி நிமிர்ந்தபோது ஜன்னலில் தாங்கள் இல்லை.

இடைவேளை விட்டதும் செருப்புகூடப் போடாமல் தெருமுனை வரைக்கும் ஓடினேன். ஒரு பஸ் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அதில்தான் இருக்கீங்களா, இல்லையான்னுகூடத் தெரியலை. அந்த முனையில நின்னபோது, இத்தனை நல்ல மனுஷரைத் துரத்திட்டு என்னத்த சர்டிபிகேட், கோடவுனுக்கே போயிருக்கலாமேன்னு தோணிச்சு. கண்ணுகூடக் கலங்கிடுச்சு. ஆனா இடைவேளை முடியப்போகுதுன்னதும் திரும்பி ஓடிவந்து உட்கார்ந்துட்டேன். அதுதான் என் லட்சணம், மறைக்கறதுக்கு என்ன இருக்கு?

பாஸாயிட்டேன் சம்பந்தி. எப்படிப் பாஸானேன்கறதுதான் கூத்து. நான் வாழ்க்கை பூராச் செஞ்ச வேலை நடத்தும் பகுதியில விளிம்புல தொங்கிக்கிட்டுப் பாஸ். மனிதர்களை அனுசரித்துப் போகும் பகுதியில மட்டும் மிகச் சிறப்புன்னு போட்டிருக்காங்க. என் மனைவி அதை ரெண்டு தடவை படிச்சுட்டு, வேற யாரோட பேப்பரையாவது மாத்தித் திருத்திட்டாங்களான்னு கேட்டா. எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு.

ஆகவே சம்பந்தி அவர்களே, குற்றம் முழுவதும் என்னுடையது. தங்கள் மகள் மீது ஒரு துளியும் இல்லை, அவள் எனக்குக் கிடைத்தது என் பாக்கியம். சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறார்கள். தாங்கள் வந்து ஒரு வாய் காபி குடிக்கும்வரை அது பெட்டியில்தான் இருக்கும். மணியின் வயரை மறுபடி இணைத்துவிட்டேன், இப்போது பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து அடிக்கிறது. சம்பந்தியம்மாவுக்கு என் பணிவான விசாரிப்புகள். இந்தக் கடிதத்துக்குப் பாதி மார்க் போட்டாலும் போதும், அதையே முழு மார்க்காக வைத்துக்கொண்டு தங்கள் குடும்பம் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க வாழ்த்திக் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
நாற்காலியைவிட்டு எழாத தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: இதை உறையில் போடும் நேரத்தில் தங்கள் மகள் வாங்கிப் படித்துவிட்டு, அங்கே போன் பேசிவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். "மாமா, அப்பா கோபமாவே இல்ல. உங்களுக்குப் பக்கவாதம்னு நினைச்சுக்கிட்டு இருக்கார்." எழுந்திருக்க முயன்று விழுந்தேனாம், வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டதாம், கண் மட்டும் கெஞ்சியதாம். கம்ப்யூட்டர் ஜன்னல் விளிம்புக்குக் கீழே மறைந்துபோனதால், வெறும் சுவரைப் பார்க்கும்படி என்னைத் தனியாக வைத்துப் பூட்டியிருந்தார்களாம். தாங்கள் தெருவில் நின்றே மகளுக்குப் போன் போட்டு "மாமாவுக்கு எப்படி இருக்கு? மறைக்காம சொல்லு" என்று கேட்க, இந்தப் புண்ணியவதி, ரகசியம் எப்படியோ வெளியே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, "ரெண்டு மாசமாவே அப்படித்தாம்பா, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றார். நீங்க ஒண்ணும் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காதீங்க, மனசு உடைஞ்சுடுவார்" என்றாளாம். என் குரலைக் கேட்டால் அழுதுவிடுவோம் என்றுதான் போனை எடுக்கவில்லையாமே! ஆகவே மேலே எழுதிய மன்னிப்பு எதுவும் தேவையில்லை, திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அலைந்து திரிந்து எனக்காக நரம்பு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறீர்களாமே, அதைத் தயவுசெய்து ரத்து செய்யாதீர்கள். கட்டாயம் வருகிறேன். புது மேனேஜர் இன்று காலை அடுத்த சர்டிபிகேட்டுக்கும் என் பெயரைக் கொடுத்துவிட்டார். மூளைக்கு ஓய்வு தேவை என்று அந்த டாக்டர் ஒரு வரி எழுதிக்கொடுப்பாரா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.