கர்ப்பப்பைக்குள் கேமரா விட்ட அன்று

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பாதி நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தானின் முதுகுவலி தேவலையா?

நேற்று உங்கள் தம்பி பெண்டாட்டிக்குக் கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். பென்சிலைவிட ஒல்லியான குழாய். வயிற்றைக் கிழிக்காமல் கீழ்வழியாகவே உள்ளே போகிறது, உப்புத்தண்ணீர் விட்டுப் பையை விரிக்கிறார்கள், உள்ளே இருப்பதெல்லாம் எதிரே டிவியில் தெரிகிறது. மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு அவள் விழித்தே இருந்ததால் என்னையும் உள்ளே விட்டார்கள். இருபது வருடம் டிவி ரிப்பேர் பார்த்தவன் சும்மா இருப்பேனா? படத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடு இழுத்ததும், "டாக்டரம்மா, ஒயர் லூசு" என்று டிவிக்குப் பின்னால் கையை விட்டேன்.

"கைய எடுங்க! ஒயர் இல்ல, உள்சுவரு ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு. ஏழு வருஷமா கரு நிக்காததுக்கு இதுதான் காரணமா இருக்கும்" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டாள். படுத்திருந்தவளும் சிரித்தாள். "கரு கலைஞ்சு சுத்தம் பண்ணியிருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

நான் முந்திக்கொண்டு, "ஒரு தடவ" என்றேன்.

"ரெண்டு" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

இரண்டாவது தடவை நான் வெளியூரில் மாடி மாடியாக ஏறி டிஷ் மாட்டிக்கொண்டிருந்தேனாம். கூடப் போனது நீங்களாம். ஒரு வார்த்தை சொன்னியா அக்கா? சொந்தக்காரங்க எல்லாம் அவள மலடின்னு சொன்னப்ப பக்கத்துலதான உக்காந்திருந்த, வாயத் தொறந்தியா? டாக்டர் அதே குழாய் வழியாகக் குட்டிக் கத்தரிக்கோலை விட்டு ஒட்டியதை வெட்டினார். அவள் பிடித்துக்கொண்டது கட்டில் கம்பியை, என் கையை அல்ல. மறுபடி ஒட்டாமல் இருக்க ஒரு வாரத்துக்கு உள்ளே பலூன், அப்புறம் மாத்திரை. "திரும்பவும் ஒட்டலாம். ஒட்டாட்டியும் கரு தங்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் டாக்டர். அக்கா, இனிமே நீ இந்த வாசப்படி மிதிக்காத.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தம். உனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
நேற்றுவரை உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அவள் பிடுங்கிப் படித்துவிட்டாள். "சொல்லக் கூடாதுன்னு உங்க அக்காகிட்ட சத்தியம் வாங்கினது நான்தான். மொத தடவ கலைஞ்சப்ப பத்து நாள் நீங்க எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல, ஞாபகமிருக்கா?" என்றாள். ஞாபகம் இருக்கிறது அக்கா. இரண்டு மாதம் கழித்து மறுபடி கேமரா. துணைக்கு ஒருவரைத்தான் உள்ளே விடுவார்களாம். அவள் உங்களைத்தான் சொல்லியிருக்கிறாள். கட்டாயம் வந்துவிடுங்கள். நான் வெளியே பெஞ்சில் இருப்பேன்.