இது மட்டும் முடியட்டும்

முடியட்டும்காரர் என்றொரு இனம் நம்மிடையே உலவுகிறது. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியாது. சட்டைப்பையில் ஹால் டிக்கெட் மடித்து வைத்திருப்பார். கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்வரை பொது அறிவுப் புத்தகம் புரட்டுவார். திருவனந்தபுரத்தில் இதையெல்லாம் யார்தான் செய்யவில்லை? "பிள்ளைகள் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோலக் கூசாமல் பதில் வரும்: "இது மட்டும் முடியட்டு."

எது? அதுதான் வருஷா வருஷம் மாறும்.

பாறசாலைப் பக்கத்திலிருந்து வந்து, நகரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஞானையனை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூற்று மூன்றில் பிரேமாவைக் கட்டினார். முதலில் முடியவேண்டியிருந்தது பிரேமாவின் பி.எட். வயிற்றைத் தள்ளிக்கொண்டு கரும்பலகை முன்னால் நிற்க முடியுமா என்று அவளே கேட்டாள். நியாயம்தான். அது முடிந்தது, பள்ளிக்கூட வேலையும் கிடைத்தது. அதற்குள் ஞானையனுக்குத் துறைத்தேர்வு வந்துவிட்டது. துறைத்தேர்வு முடிந்ததும் தபாலில் எம்.ஏ.; எம்.ஏ.வைச் சும்மா விடுவதா என்று பகுதிநேர ஆராய்ச்சி. ஆராய்ச்சியின் தலைப்பு, 'பெண்கல்வியும் பிள்ளைப்பேற்றின் தாமதமும்.' சிரிக்காதீர்கள். நானூறு பக்கம், அறுபது அட்டவணை. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து காரணம் தேடினார். காரணம் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது.

இன்னொரு கணக்கும் வைத்திருந்தார். ஜூன் ஒன்றாம் தேதி ஐந்து வயது நிறைந்தால்தான் ஒன்றாம் வகுப்பு. ஆகவே பிள்ளை மே மாதத்தில் பிறக்க வேண்டும். ஒருநாள் பிந்தினாலும் ஒரு வருஷம் நஷ்டம். மேயில் பிறக்க வேண்டுமானால் ஆகஸ்டில் மனம் வைக்க வேண்டும். ஆகஸ்டில்தான் எப்போதும் பரீட்சை.

கூடப் படித்த தங்கப்பன் பத்தாம் வகுப்போடு நின்று கொத்தனாரானவர். அவரை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தார்.

"ஓய் ஞானையா, எனக்க மூத்தவன் இந்த வருசம் பத்து எழுதுதான். நீரும் என்னமோ எழுதுதீராமே? ரெண்டு பேருக்கும் ஒரே சென்டரா?"

ஞானையன் சிரித்தார். பிரேமா சிரிக்கவில்லை. மறுவாரமே டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"சாருக்கு வயசு?"

"முப்பத்தேழு."

"முப்பத்தொம்பது," என்றாள் பிரேமா. "அவங்க சொன்னது சர்டிபிகேட் வயசாக்கும், டாக்டரே."

விஷயம் இதுதான். ஊர்ப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், பின்னால் சர்க்கார் வேலைக்கு உதவுமே என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றிரண்டு வயதைக் குறைத்து, எல்லோரையும் மே முப்பதில் பிறக்க வைத்திருந்தார். வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரே பிறந்தநாள். முப்பது வருஷமாகப் படிவம் படிவமாக அந்தத் தேதியை எழுதி எழுதி, ஞானையன் தாமே அதை நம்பிவிட்டார். நாற்பதுக்குள் ஒரு பிள்ளை என்று திட்டமிட்டவர், இன்னும் மூன்று வருஷம் கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தார்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "சரீரத்துக்கு எஸ்.எஸ்.எல்.சி. புக்கு உண்டோ சாரே? மேடத்துக்கும் முப்பத்து மூணு ஆச்சு. இனி வைகிக்கக் கூடாது, தாமசிச்சா கஷ்டம். பன்னிரண்டாந் தேதி ரெண்டு பேரும் டெஸ்டுக்கு வரணும்."

ஞானையன் டைரியைத் திறந்தார். "பன்னிரண்டு... அண்ணைக்கு ஆராய்ச்சிக்க கைடைப் பாக்கணும். இது மட்டும்..."

முடிக்கவில்லை. பிரேமா அவரைப் பார்த்த பார்வை அப்படி.

"இஞ்ச பாருங்க," என்றாள் மெதுவாக. "படிச்ச பெண்ணுங்க பிள்ளை பெற வைகுதுண்ணு நீங்க போட்ட அட்டவணை அறுபதையும் டைப் அடிச்சது நானாக்கும். எனக்க படிப்பு ஒரு வருசத்துல தீர்ந்தாச்சு. அறுபத்தொண்ணாவதா ஒரு அட்டவணை போடுங்க. படிச்சுத் தீராத மாப்பிளைமாருண்ணு."

பன்னிரண்டாம் தேதி ஞானையன் கைடைப் பார்க்கவில்லை.

இரண்டே மாதத்தில் நல்ல செய்தி. மே கடைசி என்றார் டாக்டரம்மா. ஞானையனுக்குத் தலைகால் புரியவில்லை. கணக்குக்குக் கணக்கும் ஆச்சு! மே முப்பது வந்தது, வலி வரவில்லை. முப்பத்தொன்று, ஒன்று, இரண்டு. கொட்டுகிற மழையில் ஜூன் மூன்றாம் தேதி ஆர்ஷா பிறந்தாள். தாமதத்தில் அப்படியே அப்பா.

மறுநாள் காலை, பிறப்பைப் பதிவதற்கான படிவத்தை நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். ஞானையன் பேனாவைத் திறந்தார், மூடினார், தொண்டையைச் செருமினார்.

"சிஸ்டரே... இதில மே முப்பத்தொண்ணுண்ணு போட்டா...?"

"எந்தா சாரே?"

கட்டிலிலிருந்து பிரேமாவின் குரல் வந்தது. "பெறந்து முழுசா ஒரு நாளு ஆகல்ல. அதுக்குள்ள அவளுக்கும் சர்டிபிகேட் வயசா?"

"ஒரு வருசம் நஷ்டமாகும் பிள்ளே."

"ஆகட்டு. ஏழு வருசம் நஷ்டமாக்கினவரு சொல்லுதாரு, கேட்டுக்கிடுங்க சிஸ்டரே."

ஞானையன் குழந்தையைப் பார்த்தார். அது எந்தப் பரீட்சைக்கும் அவசரப்படாமல் கொட்டாவி விட்டது. அவர் ஜூன் மூன்று என்று எழுதினார். வாழ்நாளில் அவர் கையால் எழுதிய பிறந்த தேதிகளில் பொய்யில்லாத முதல் தேதி அதுதான்.

ஆராய்ச்சியா? அது இன்னும் முடியவில்லை. அறுபத்தொன்றாவது அட்டவணையில் நிற்கிறது. தம் பெயரை எந்த வயதுக்கு நேராகப் போடுவது என்று குழப்பம் என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனால் உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிடுகிறார்களே, இது மூன்றாவது தடவை. "இத மட்டும் படிச்சு முடிச்சிட்டு வாறேன்" என்று நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது.

முடிந்துவிட்டது. எழுந்து போங்கள்.