வலப்பக்கத்துப் பாட்டில்

என்றும் என் மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் என் பொறுப்பில் உள்ள நாற்பத்தெட்டு எலிகளும் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் இதை இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். போன் செய்தால் "அட்வைஸா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அண்ணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார்.

விஷயம் என் காதுக்கு வந்துவிட்டது. ஏழு மாதமாக ஒரு சொட்டுத் தொடாத நீங்கள், போன வாரம் ஒரு முழு பாட்டில் வாங்கி வந்து அலமாரி மேல் வைத்திருக்கிறீர்களாம். பக்கத்திலேயே பத்திரிகையிலிருந்து வெட்டிய துண்டு. 'குடிப்பழக்கத்துக்குக் காரணமான மரபணு கண்டுபிடிப்பு' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. "அப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கும் இருக்கு. ரத்தத்துலயே ஊறினதை நான் என்ன பண்றது?" என்று அண்ணியிடம் கேட்டீர்களாம். குடியை விட்டவர்கள் கூடும் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கும் போகவில்லையாம். இன்னும் மூடியைத் திறக்கவில்லை என்று அண்ணி சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அண்ணா, இதைப் படித்து முடிக்கும்வரை அதில் கை வைக்காதீர்கள். அந்தச் செய்தி பொய். அதைப் பொய்யாக்கியவன் உங்கள் சொந்தத் தம்பி. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மருந்துக்கடையில் இருபத்தாறு வருஷம் நின்றுவிட்டு, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன் அல்லவா, அது என்ன வேலை என்று உங்களிடம் சொல்லவில்லை. சிரிப்பீர்கள். எலிகளுக்குச் சரக்கு ஊற்றும் வேலை. நாக்கில் ஒரு சொட்டுப் படாமல் அறுபத்திரண்டு வயதை எட்டிய நான், என் மனவுறுதியை உறவுக்காரர்கள் அத்தனை பேரும் கைகாட்டிப் பேசும் நான், தினமும் காலை எட்டரைக்கு வந்து நாற்பத்தெட்டுப் பேருக்கு ஊற்றிக் கொடுக்கிறேன். கூண்டுக்கு இரண்டு பாட்டில், ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் கொஞ்சம் சாராயம் கலந்த தண்ணீர். மறுநாள் பாட்டில்களை எடை போட்டால் எந்த எலி எதைக் குடித்தது என்று தெரிந்துவிடும். பாதி எலிகளுக்கு அந்த மரபணு உண்டு, பாதிக்குக் கிடையாது. இந்தச் சோதனையை நடத்தும் எங்கள் டாக்டரம்மாவுக்கு ஒரு பழக்கம். தினமும் காலையில் தன் கையாலேயே இடப்பக்கத்துப் பாட்டிலை வலப்பக்கமும் வலப்பக்கத்ததை இடப்பக்கமும் மாற்றி வைத்துவிட்டுப் போவார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மருந்துக்கடையில் ஒரு புட்டி இடம் மாறினால் ஆள் செத்துப்போவான் அண்ணா. படித்த பெண்ணுக்கு ஒழுங்கு தெரியவில்லையே, வாயில்லா ஜீவன்கள் குழம்புமே என்று இரக்கப்பட்டு, அவர் தலை மறைந்ததும் எல்லாவற்றையும் பழையபடி திருப்பி வைத்துவிடுவேன். சாராயம் எப்போதும் வலப்பக்கம். கடையில் விஷ மருந்து அலமாரியும் வலப்பக்கம்தான் இருந்தது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, மரபணு உள்ள எலிகள் மொடாக்குடி குடிப்பதாகக் கணக்கு வந்தது. கூடத்தின் தலைவருக்கு இருப்புக்கொள்ளவில்லை, பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நானும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். முந்தாநாள் டாக்டரம்மா மறந்துபோன கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தவர், நான் பாட்டில்களை மாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பாராட்டுவார் என்று நினைத்து நானே விளக்கமாகச் சொன்னேன். அவர் எலித்தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"மூணு மாசமா டாக்டர். ஒரு நாள்கூட லீவு போடல."

பிறகுதான் அவர் சொல்லித் தெரிந்தது. எலிகளுக்குப் பழகிய பக்கத்துக்கே போய்க் குடிக்கும் பழக்கம் உண்டாம். அதை ஏமாற்றத்தான் தினமும் இடம் மாற்றுவதாம். மரபணு உள்ள எலிகள் எல்லாம் தண்ணீர்க்குழாய் வலப்பக்கம் இருந்த கூண்டுகளில் பிறந்து வளர்ந்தவையாம். பாவம், தண்ணீர் என்று நினைத்து வலப்பக்கம் போயிருக்கின்றன, அங்கே நான் சாராயத்தோடு காத்திருந்திருக்கிறேன். ஆக மரபணுவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மூன்று மாத ஆராய்ச்சி என் கையால் நாசமாய்ப் போனது. டாக்டரம்மா இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை. நானோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறேன். உங்கள் ரத்தத்தில் ஒன்றும் இல்லை அண்ணா! என்னைப் போல் கொஞ்சம் மனவுறுதி இருந்தால் போதும். அந்தத் துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கங்கள். உங்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கட்டும்.

என்றும் உங்கள் சொல்லை மீறாத,
தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் டாக்டரம்மா கூப்பிட்டுவிட்டார். மேலே எழுதியது அத்தனையும் வீண். இதே சோதனையை மாடியறையிலும் வேறொருவரை வைத்து நடத்தியிருக்கிறார். அந்த ஆளுக்கு என்னைப் போல் இரக்க சுபாவம் கிடையாது. இன்றுதான் அந்தக் கணக்கு வந்ததாம், அங்கே எந்தப் பக்கம் வைத்தாலும் மரபணு உள்ள எலிகள் சாராயத்தைத் தேடிப் போயிருக்கின்றன. பத்திரிகை சொன்னது சரிதான். உங்களிடம் மறைக்க மனசு வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மனிதர்களிடம் இந்த மரபணுவைத் தேடும் ஆராய்ச்சிக்கு நானும் எச்சில் கொடுத்திருந்தேன். முடிவை இன்று கேட்டு வாங்கினேன். எனக்கும் இருக்கிறது அண்ணா. அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று, இரட்டையாக. அப்படியானால் என்னைக் காப்பாற்றியது என் மனவுறுதிதானே என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அது இருந்தா மத்தவங்களைவிடக் கொஞ்சம் அதிகமா இழுக்கும், அவ்வளவுதான். ஆனா நீங்க முதல் வாயே குடிக்கலையே, உறுதி எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?" என்றார்.

ஏன் குடிக்கவில்லை என்று யோசித்தேன். பதினாறு வயதில், சைக்கிள் கடைக்குப் பின்னால், கூட்டாளிகளோடு கிளாஸை வாய்வரை கொண்டுபோய்விட்டேன். எங்கிருந்தோ நீங்கள் வந்து, கன்னத்தில் ஒன்று வைத்து, கிளாஸைத் தட்டிவிட்டு, சட்டையைப் பிடித்து வீடுவரை இழுத்து வந்தீர்கள். வழியெல்லாம் அழுதீர்கள். அன்றைக்கே உங்கள் வாயில் அந்த வாடை இருந்தது. இதைத்தான் நாற்பத்தாறு வருஷமாக என் மனவுறுதி என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் வரும் அன்றே காலை பஸ்ஸில் நானும் வந்துவிடுவேன். அதற்குள் மூடி திறந்திருந்தால், மூத்தவர் என்றும் பார்க்க மாட்டேன், அந்த அடியை உங்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அழுவேன்.