அண்ணி தைத்த கவுன்

துணி இன்னும் காயவில்லை. ஷண்முகப்ரியா அதைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள், உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தாள், கடைசியில் மோந்தும் பார்த்தாள். ஈர நாய் வாசம் அடித்தது. குன்னூரில் ஆனி மாதம் துணியை நனைப்பவர்களுக்கு எந்தச் சாமியும் துணைக்கு வராது.

"தைக்கும் முன் துணியை ஒருமுறை நனைத்து உலர்த்திக்கொள்ளவும்" என்று கவுன் வெட்டுவதற்கான பேட்டர்ன் தாளில் எழுதிய மகராசிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? அவள் ஏதோ வெயிலடிக்கிற தேசத்தில் உட்கார்ந்து எழுதிவிட்டாள். இங்கே ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வந்து சோபாவில் உட்காருகிறது.

எல்லாம் வாயால் வந்த வினை. நாத்தனார் சுவாதிக்குக் கோயமுத்தூரில் மாப்பிள்ளை பார்த்து, நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அன்றைக்குப் போட்டுக்கொள்ள ஆசையாக இருக்கிறது என்று சுவாதி போனில் ஒரு படத்தைக் காட்டினாள். யாரோ பெரிய டிசைனர் தைத்த கவுன். சந்தன நிறம், தோளில் மடிப்பு மடிப்பாக, இடுப்பிலிருந்து தரைவரைக்கும் அருவி மாதிரி இறங்கியது. மாமியார் வேலாமணி விலையைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் சும்மா இருந்திருக்கலாம். ஷண்முகப்ரியாவுக்குத்தான் சும்மா இருக்க வராதே.

"இதென்னங்க அத்தை பெரிய விசயம்? இதே மாதிரிக்குப் பேட்டர்ன் விக்கறாங்க. வாங்கிப் பிரிண்ட் போட்டு ஒட்டி, துணி மேல வச்சு வெட்டித் தைச்சா அப்படியே வந்துரும்."

"அப்ப நீங்களே தைச்சுக் குடுங்க அண்ணி" என்று சுவாதி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நிச்சயம்னு ஒண்ணு நடந்தா உங்க கையால தைச்ச கவுன்லதான். இல்லாட்டி எனக்கு வேண்டவே வேண்டாம்."

இத்தனைக்கும் ஷண்முகப்ரியாவின் கைத்திறமை சுவாதிக்குத் தெரியாததல்ல. போன தீபாவளிக்கு மாமியாருக்கு ஒரு நைட்டி தைத்தாள். அதில் வேலாமணியின் தலை நுழையவில்லை. கழுத்தை வெட்டிப் பெரிதாக்கியதும் தலையோடு தோளும் சேர்ந்து வெளியே வந்தது. இப்போது அது ஸ்கூட்டருக்கு உறையாக இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு நாத்தனார் இவ்வளவு நம்பிக்கை வைக்கிறாள் என்றால் அதற்கெல்லாம் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஷண்முகப்ரியா உருகிப்போனாள்.

மாப்பிள்ளை கீர்த்திவாசனும் லேசுப்பட்டவன் இல்லை. விஷயம் தெரிந்ததும் போன் போட்டான். "அக்கா தைக்கறதுதானுங்க வேணும். நீங்க நிதானமா தைங்க. எத்தன நாளானாலும் சரி, கவுன் முடிஞ்சதுக்கப்புறம் நிச்சயத்த வச்சுக்கலாம்னு ஊட்டுல சொல்லீட்டேன்." ஒரே பையன், ஆசைப்பட்டுவிட்டான் என்று அவன் அம்மாவும் தலையாட்டிவிட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மாப்பிள்ளையா என்று வேலாமணி பூஜையறையில் சூடம் ஏற்றினார்.

இப்போது துணி காய்ந்தாக வேண்டும்.

கணவன் நவநீதன் தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் கிளார்க். ஈரத் துணியைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கற?" என்றான். "ஃபேக்டரில பச்சை எலைய வாட்டற தொட்டி இருக்குதல்ல. அடியில ஃபேன் ஓடும், சூடா காத்து வரும். விரிச்சுப் போட்டா ஒரே பொழுதுல காஞ்சுரும்."

அவள் கும்பிடாத குறையாகத் துணியைக் கொடுத்தனுப்பினாள். நவநீதன் அதைக் காலியாக இருந்த தொட்டியில் அழகாக விரித்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினான். ஷிஃப்ட் மாறி வந்தவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. தொட்டிக்குப் புதுத் துணி போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று அவர்கள் அதன்மேல் பச்சை இலையை முழங்கால் உயரத்துக்குக் கொட்டிவிட்டார்கள்.

துணி காய்ந்துதான் வந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். சந்தன நிறத்தில் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக, மாட்டுக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது.

"என்னங்க இது?" என்றாள்.

"காஞ்சிருச்சல்ல" என்றான் நவநீதன், கதவுப் பக்கம் நகர்ந்தபடி.

கறையை எடுக்க என்னென்னவோ தேய்த்துப் பார்த்தாள். கறை பரவியது. கடைசியில், கறையை எடுக்க முடியாவிட்டால் துணி முழுக்கக் கறையாக்கிவிடலாமே என்று தோன்றியது. இணையத்தில் அதற்கும் ஒரு வீடியோ இருந்தது. அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, வீட்டிலிருந்த டஸ்ட் டீ முழுவதையும் கொட்டி, துணியை முக்கி எடுத்தாள். ஒரே சீராகப் பழுப்பு ஏறியது. பார்க்கக்கூட நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டீக்கடையில் மேஜை துடைக்கிற துணியின் வாசம் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வேலாமணி வந்து துணியைத் தூக்கிப் பார்த்தார். "நல்ல காரியத்துக்கு எடுத்த துணி தைக்கறதுக்கு முந்தியே கறையாயிருச்சே கண்ணு. இது நல்லதுக்கா?"

"எனக்கும் மனசு ஒரு மாதிரியாத்தான் இருக்குதும்மா" என்றாள் சுவாதி. "இந்த முகூர்த்தம் வேண்டாம். தள்ளி வச்சுக்கலாம்."

ஆனி முகூர்த்தம் போயிற்று. ஆடியில் யாரும் நிச்சயம் செய்யமாட்டார்கள். ஆகவே ஆவணிதான். தன்னால் ஒரு முகூர்த்தமே போய்விட்டதே என்று ஷண்முகப்ரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. சுவாதிதான் பேக்கரியிலிருந்து சூடாக வர்க்கி வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போச்சாது போங்க அண்ணி. இதுக்கெல்லாம் யாராச்சும் அழுவாங்களா? நீங்க நல்லாத்தான் பண்ணீட்டிருக்கறீங்க."

இப்படிச் சொல்ல ஒரு வாய் வேண்டும். ஷண்முகப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆடிப்பெருக்கு நல்ல நாள் என்று அன்றைக்கு வெட்ட உட்கார்ந்தாள். ஊருக்குள் பெட்ஃபோர்ட் பகுதியில் இருந்த பாலாமணி ஜெராக்ஸ் கடையில் பேட்டர்னைப் பிரிண்ட் எடுத்து, தாள்களைத் தரை முழுக்க ஒட்டிப் பரப்பியிருந்தாள். முதல் தாளின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. இந்தக் கட்டம் சரியாக நாலு இஞ்ச் இருக்கிறதா என்று அளந்து பார்க்கவும் என்று போட்டிருந்தது. டேப்பை வைத்தாள். நாலு இல்லை, கொஞ்சம் குறைந்தது. ஒருகணம் யோசித்தாள். வெளிநாட்டு இஞ்ச் நம் இஞ்சைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும் போல என்று ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் வேறு மாதிரிதானே அளக்கிறார்கள். கத்தரியை எடுத்து வெட்டிவிட்டாள்.

பிறகு தைத்தாள். நூல் சிக்கியது, பிரித்தாள். ஊசி ஒடிந்தது, மாற்றினாள். இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்தாள், பிரித்தாள். சமையலறையில் குழம்பு தீய்ந்தது, அதைப் பிரிக்க வழியில்லாமல் அப்படியே பரிமாறினாள். ஒருவழியாகக் கவுன் என்று ஒன்று உருவாயிற்று. ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சுவாதியைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னாள்.

சுவாதி கைகளைத் தூக்கி உள்ளே நுழைந்தாள். பாதி தூரம் போனதும் நின்றுவிட்டாள். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வெளியே இரண்டு கைகள் மட்டும் சரணடைந்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

"சுவாதி, மூச்சு உடறயா?"

"உடறேனுங்க அண்ணி. நல்லாத்தான் இருக்குது."

"எங்க கண்ணு நல்லா இருக்குது? கொஞ்சம் குனி, இழுக்கறேன்."

நவநீதன் ஓடிவந்து எட்டிப் பார்த்து, நல்ல புத்தியோடு திரும்பிப் போனான். ஷண்முகப்ரியா சுவாதியை இழுத்து வெளியே எடுத்தாள். பக்கங்களைப் பிரித்து, ஜன்னல் திரைக்கு எடுத்ததில் மிச்சமிருந்த பூப்போட்ட துணியைப் பட்டை பட்டையாக வெட்டி இரண்டு பக்கமும் கொடுத்துத் தைத்தாள். இப்போது சுவாதி நுழைந்தாள். ஆனால் இரண்டு பக்கமும் பூப்போட்ட பட்டையோடு தபால்காரர் பையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. ஜிப்பின் பிடி உள்பக்கமாகப் போய்விட்டது. சுவாதி உள்ளே கைவிட்டு இழுத்துத்தான் அதை மூட வேண்டும். அவள் கொஞ்சம் பலமாகவே இழுத்தாள். முதுகு டர்ரென்று கிழிந்தது.

"துணியே கிழிஞ்சிருச்சே" என்று வேலாமணி நாற்காலியில் சாய்ந்தார்.

"இதுக்கு மேலயும் நாளைக்கு வைக்கறதாம்மா? எனக்குப் பயமா இருக்குது" என்றாள் சுவாதி.

அந்த முகூர்த்தமும் போயிற்று. இந்தமுறை கோயமுத்தூரிலிருந்து கீர்த்திவாசனின் அம்மா கூப்பிட்டார். குரலில் பழைய குளுமை இல்லை. பையனுக்குக் குருபலம் ஆவணியோடு முடிகிறதாம். அதற்குள் நிச்சயம் ஆகாவிட்டால் இந்தச் சம்பந்தமே வேண்டாம், ஒத்துவராது என்று ஜோசியர் அடித்துச் சொல்லிவிட்டாராம். ஆவணியில் இன்னும் ஒரே ஒரு முகூர்த்தம்தான் பாக்கி.

வேலாமணி போனை வைத்துவிட்டு மருமகளைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நல்ல எடம் கண்ணு" என்றார். "இது நின்னு போச்சுன்னா எம் மகளுக்கு இன்னொண்ணு இப்படி அமையாது. யாரால நின்னுதுன்னு ஊரு கேக்கும். நா என்னன்னு சொல்லட்டும்?"

ஷண்முகப்ரியா சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இனி எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், நாத்தனார் வாழ்க்கையைக் கெடுத்தவள் இவள்தான் என்று பந்தியில் கைகாட்டுவார்கள். பிறந்த வீட்டுக்கும் போக முடியாது, அங்கேயும் கேட்பார்கள். தையல் மெஷினைத் தூக்கி டால்பின் நோஸ் மலைமுனையிலிருந்து போட்டுவிட்டுப் பின்னாலேயே தானும் குதித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மெஷின் கனத்தை நினைத்து அதை விட்டுவிட்டாள்.

"கோயமுத்தூர் போயி ரெடிமேடா ஒண்ணு எடுத்துட்டு வந்துரலாம்" என்றான் நவநீதன்.

"கடைக் கவுன் போட்டுட்டு நா மேடை ஏறமாட்டேன்" என்று சுவாதி ஒரே பிடிவாதமாக நின்றாள். "அண்ணி மனசு என்ன பாடுபடும்?"

கீர்த்திவாசனும் போனில் அதையேதான் சொன்னான். "கடையில வேண்டாமுங்க அக்கா. உங்களால எப்ப முடியுதோ அப்பப் போதும்." இவ்வளவு நல்ல பிள்ளைகளின் வாழ்க்கையில் மண்ணைப் போடுகிறோமே என்று அவளுக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது.

அழுது முடித்ததும் ஒரு வெறி வந்தது. நவநீதனைக் கோயமுத்தூருக்கு விரட்டிப் புதுத் துணி எடுத்து வரச் சொன்னாள். இந்தமுறை நனைக்கவில்லை, பேட்டர்னில் எழுதியவள் வந்து கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். பழைய தாள்கள் கிழிந்து கந்தலாகிவிட்டதால் மறுபடி பாலாமணி கடைக்கு ஓடினாள்.

பாலாமணி தாள்களை அடுக்கிக்கொண்டே, "ஓரம் கட்டாகாம எடுத்திருக்கறேனுங்க" என்றார்.

"கட்டாகாமன்னா?"

"பெருசா இருந்துதுங்களா, பேப்பருக்குள்ள அடங்கற மாதிரி கொஞ்சம் சின்னது பண்ணித்தான் எடுப்பேன். போன தடவையும் அப்படித்தான். ஜாதகம், பத்திரம், எல்லாத்துக்கும் அதானுங்க பண்றது."

ஷண்முகப்ரியா கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெளிநாட்டு இஞ்சின் மேல் போட்ட பழியை மனதுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டாள். கோபப்படத் தெம்பில்லை. "சின்னது பண்ணாம எடுத்துக் குடுங்க, ஓரம் போனாப் போகட்டும்" என்றாள். கட்டம் சரியாக நாலு இஞ்ச் வந்தது.

அதற்குப் பிறகு அவள் யாரோடும் பேசவில்லை. சுவாதி வந்து, "ஒடம்பக் கெடுத்துக்காதீங்க அண்ணி, விட்டுருங்க, நா ஒண்ணும் நெனைக்கமாட்டேன்" என்று கெஞ்சினாள். டேப்பைக் காணோம் என்று தேடியபோது அது சுவாதியின் கட்டிலுக்கடியில் கிடந்தது. தேடித் தேடி எடுத்துத் தைத்தாள். நிச்சயத்தன்று காலையில் கடைசித் தையலைப் போட்டு நூலை அறுத்தாள்.

சுவாதி போட்டுக்கொண்டாள். அப்படியே ஒட்டிக்கொண்டது. தோளில் மடிப்பு மடிப்பாக நின்றது, இடுப்பிலிருந்து அருவி மாதிரி இறங்கியது. படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது என்று நவநீதனே சொன்னான். கண்ணாடியைப் பார்த்த சுவாதி தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள்.

"ஆனந்தக் கண்ணீரு" என்று வேலாமணி நெட்டி முறித்துவிட்டு, கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல்முறையாக மருமகளைக் கட்டிக்கொண்டார். "எங்குடும்ப மானத்தக் காப்பாத்தீட்ட சாமி."

மண்டபத்தில் தட்டு மாற்றி, மோதிரம் மாற்றி, எல்லாம் முடிந்தது. பெண்கள் எல்லோரும் கவுனைத் தொட்டுப் பார்த்து, தைத்தது யார் என்று கேட்டுக்கொண்டு ஷண்முகப்ரியாவிடம் வந்தார்கள். இத்தனை நாள் வராத பசி அவளுக்கு அப்போதுதான் வந்தது. பந்திக்குக் கிளம்பியவளிடம் மாப்பிள்ளை கீர்த்திவாசன் தனியாக வந்து நின்றான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"கவுன் எப்படிங்க இருக்குது?" என்றாள் பெருமை தாங்காமல்.

அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "எங்க ரெண்டு பேருக்குமே இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லீங்க அக்கா, ஊட்டுல சொல்லத் தைரியமில்லாம, எப்படியும் ஆவணிக்குள்ள முடிக்கமாட்டீங்கன்னு உங்க தையலத்தான் மலையாட்டம் நம்பியிருந்தோம்."